மார்ட்டினி

மார்ட்டினி: ஜின்னையும், மூலிகைகள் ஊறிய திராட்சை மதுவாகிய வெர்மூத்தையும் ஐஸோடு சேர்த்துக் குளிரவைத்து, ஐஸை வடித்து நீக்கி, நீண்ட தண்டுள்ள கிண்ணத்தில் பரிமாறும் அமெரிக்கக் காக்டெயில். எந்தக் காக்டெயிலைப் பற்றியும் குடிப்பவரிடையே அபிப்பிராய பேதம் உண்டென்றாலும், இரண்டே சரக்குகளைக் கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓயாத சர்ச்சைக்கு இடமளித்து வருவது இது ஒன்றே என்று சொல்லத் தோன்றுகிறது.

இதன் பூர்வோத்தரம் இன்றுவரை நிர்ணயமாகவில்லை. கலிபோர்னியாவிலுள்ள மார்ட்டினெஸ் என்னும் ஊர் தானே இதன் ஜன்மபூமி என்று உரிமை பாராட்டுகிறது. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் ஹோட்டலில் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்ட்டினி என்ற பரிசாரகர் இதைக் கற்பித்தார் என்பாரும் உளர்; ஆயினும் 1888-ல் ஹாரி ஜான்ஸன் வெளியிட்ட கையேட்டிலேயே இதன் செய்முறை இடம்பெற்றுவிட்டதால் அக்கூற்று நிற்பதில்லை. அதற்கும் முன்பு, 1884-ல், பைரன் என்பவரின் நூல் 'மார்ட்டினெஸ்' என்ற பானத்தைக் குறிப்பிட்டு, மன்ஹாட்டன் என்ற காக்டெயிலில் விஸ்கிக்குப் பதிலாக ஜின்னைச் சேர்க்க வேண்டியதுதான் என்று ஒரே வரியில் கடமையை முடித்துக்கொள்கிறது. ஜான்ஸனின் மார்ட்டினியோ ஜின்னும் வெர்மூத்தும் சரிபாதியாகக் கலந்து, சர்க்கரைப் பாகும் சில துளி கசப்புச் சாரமும் சேர்ந்தது. இக்காலத்து மார்ட்டினியில் இனிப்பின் வாசனையே கூடாது என்று வாதிப்பவர்கள் தாங்கள் காப்பாற்றுவது ஆதி சம்பிரதாயம் என்று எண்ணுவது விந்தைதான்.

இருபதாம் நூற்றாண்டில் இனிப்பற்ற ஜின்னும், பிரெஞ்சு முறையிலான இனிப்பற்ற வெர்மூத்தும் செல்வாக்குப் பெறவே, விவாதம் விகிதத்தின்மேல் திரும்பிற்று. 1948-ல் டேவிட் எம்பரி என்ற வழக்கறிஞர் ஒரு பங்கு வெர்மூத்துக்கு ஏழு பங்கு ஜின் என்று விதித்தார். சரித்திராசிரியர் பெர்னார்ட் டிவோட்டோ 1951-ல் வெளியிட்ட சிறு நூலில் 3.7 பங்கே உத்தமம் என்று தசமபின்னத்தோடு தீர்ப்பளித்ததுடன், ஆலிவ் காய் போடுவோரைக் கடைத்தேற வழியற்றவர்களாகவே கருதினார். இதற்கு நேர்மாறாக, 1943-ல் டெஹரான் மாநாட்டின்போது ரூஸ்வெல்ட் தம் கையாலேயே வெர்மூத்தை மிகுதியாகவும் ஜின்னைக் குறைவாகவும் கலந்து ஸ்டாலினுக்கு அளித்தார் என்றும், அவர் பருகிவிட்டு வயிற்றுக்குக் குளிர்ச்சியாயிருக்கிறது என்று மட்டும் சொன்னார் என்றும் உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் போலன் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் வெர்மூத்தை ஐஸின்மேல் ஊற்றி உடனே கொட்டிவிடும் அளவுக்குப் பிற்காலத்தார் சென்றனர்.

கலக்குவதா, குலுக்குவதா என்பது அடுத்த வழக்கு. இயன் பிளெமிங் 1953-ல் வெளியிட்ட முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலிலேயே கதாநாயகன் தன் பானத்தைக் குலுக்கித் தரும்படி கேட்கிறான். பின்னர் வந்த திரைப்படங்கள் அதை உலகப் பிரசித்தமாக்கின. நீண்ட கரண்டியால் நிதானமாகக் கலக்கினால் பானம் தெளிந்து, நாவில் பட்டுப்போல் படியும். மூடிய குவளையிலிட்டுக் குலுக்கினால் காற்றுக் குமிழிகள் புகுந்து கலங்கலாகி, ஐஸ் துணுக்குகள் மேலே மிதக்கும். குளிர்ச்சி விரைவில் கிட்டுமென்பது குலுக்குவோர் பக்கத்து நியாயம். எப்படிச் செய்தாலும் ஐஸ் உருகிய நீர் ஓரளவு சேர்ந்தே தீரும். அந்நீரின்றி ஜின்னின் காரம் அடங்காது. லண்டனின் டியூக்ஸ் மதுச்சாலையில் மட்டும் ஐஸையே விலக்கி, உறைபெட்டியிலிருந்து எடுத்த ஜின்னை நேரே ஊற்றுகிறார்கள். அதன் வீரியம் கருதி ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை.

1966-ல் அமெரிக்கத் தர நிர்ணயச் சங்கம் மார்ட்டினிக்கென்று ஒரு விதித்தொகுப்பை, தன் வழக்கமான வெளியீடுகளின் கம்பீர நடையிலேயே, வேடிக்கையாக வெளியிட்டது. வெர்மூத்தின்மேல் உண்டான வெறுப்புக்கு, அதைக் குறைக்கச் சொல்லும் இதுபோன்ற விதிகளைவிட அலமாரியில் மாதக்கணக்கில் திறந்து கிடந்து புளித்த புட்டிகளே பெரிய காரணம் என்று கருத இடமுண்டு. திராட்சை மதுவாதலால், திறந்தபின் அதைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டொரு மாதத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். அவ்வாறு வைத்துக்கொள்ளும் மதுச்சாலைகளில் சரிபாதிக் கலவையை விரும்பிக் கேட்பவர்கள் இப்போது மறுபடியும் தென்படுகிறார்கள்.