வசந்த் சொல்லாமல் விட்ட ஜோக்கும் என் டிரங்குப் பெட்டியும்



போன வாரம் தங்கை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். போனில் ஏதோ வெளிநாட்டுத் தொடர். கோட்டும் சூட்டும் போட்ட ஒரு பணக்காரத் துப்பறிவாளன், ஒவ்வொரு மாளிகையாகப் போய் விருந்து சாப்பிடுகிறான், பெண்களிடம் வழிகிறான், நடுவில் போனால் போகிறது என்று கொலையாளியையும் பிடிக்கிறான். "பெரியம்மா, தமிழ்ல இப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார்களாவா! அன்று ராத்திரி பதினோரு மணி வரை பேசினேன். அவள் தூங்கிவிட்டாள். மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன்.

இந்த மைனர் துப்பறிவாளன் முதலில் இங்கிலாந்துச் சரக்கு. டாரதி சேயர்ஸ் என்ற அம்மையார் 1923-ல் பீட்டர் விம்சி என்ற பிரபு வீட்டுப் பிள்ளையைப் படைத்தார். அவனுக்குச் சம்பாதிக்க வேண்டிய அவசியமே இல்லை, பொழுது போகத்தான் துப்பறிவான். 1928-ல் சைமன் டெம்ப்ளர் வந்தான், 'செயின்ட்' என்று பெயர் பெற்றவன். அவனை எழுதிய லெஸ்லி சார்ட்டரிஸ் பிறந்தது சிங்கப்பூரில், 1907-ல். நம் ஆட்கள் கப்பலேறிப் போன ஊர்தான்.

தமிழிலும் துப்பறியும் கதைக்கு வயது நூறுக்கு மேல். ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு வரிசை. ஜமீன் வீடுகளும் சொத்துச் சண்டைகளும் நிறைந்த கதைகள். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950-ல் நம்பியார் நடித்துப் படமாகவும் வந்தது. ஆனால் துப்பறிகிறவர் பெரும்பாலும் உத்தமர். வழிவதெல்லாம் வில்லனின் வேலை.

பிறகு 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு. பேங்க் வேலை போன அசடு, மனைவி வேம்பு, கூடவே இன்ஸ்பெக்டர் கோபாலன். சாம்பு தடுக்கி விழுந்தால் அங்கே திருட்டு நகை இருக்கும். பெரிய மனிதர்கள் அவரைக் கூப்பிட்டுத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டாடுவார்கள். காத்தாடி ராமமூர்த்தி தூர்தர்ஷனில் சாம்புவாக வந்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும்.

அடுத்தவர் தமிழ்வாணனின் சங்கர்லால். 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெளியே வரமாட்டார். சங்கர்லாலோ தேநீரைத் தவிர வேறொன்றும் தொடமாட்டார். விமானத்தில் ஊர் ஊராகப் பறந்தாலும் மனைவி இந்திராவைத் தவிர வேறு பெண்ணை ஏறிட்டுப் பார்க்கமாட்டார். அதனால் எங்கள் அப்பாவே வாங்கிக் கொடுப்பார்.

அப்பா கடம்பத்தூரில் ரயிலேறி பெரம்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவர். அந்த வண்டியில் ஒரு பத்திரிகை குறைந்தது எட்டுக் கை மாறும். திருவள்ளூரில் ஏறியவர் படித்துக்கொண்டே ஆவடியில் இறங்க வேண்டியதாகிவிட்டால், மீதிக் கதையை மறுநாள் யாராவது வாயால் சொல்வார்கள். சென்ட்ரல் வரை போகிறவர்கள் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கி வருவார்கள். 1985-ல் அது எரிந்தபோது அப்பா வீட்டில் துக்கம் விழுந்தது மாதிரி உட்கார்ந்திருந்தார். தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது அம்மாவின் வேலை. ஆனால் ஒரு எழுத்தாளரின் கதைகள் மட்டும் பைண்டாகி பீரோவின் மேல்தட்டில், எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. சுஜாதா. நாற்காலி போட்டுத்தான் படித்தேன்.

1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' கதையில் கணேஷ் என்ற வக்கீல் அறிமுகமானார். சில வருடம் கழித்து, 'ப்ரியா'வில், அவருக்கு ஜூனியராக வசந்த் வந்து சேர்ந்தான். (கணேஷுக்கு 'ர்', வசந்துக்கு 'ன்'. எல்லோரும் அப்படித்தான் பேசினோம், கவனித்தீர்களா?) 'ப்ரியா' படத்தில் ரஜினிகாந்த் கணேஷாக நடித்தார், 1978. கதையில் லண்டன், படத்தில் சிங்கப்பூர்.

துப்பறிகிறவரை ஏன் வக்கீலாக்கினார்? இதுதான் எனக்குப் பிடித்த இடம். நம் நாட்டில் தனியார் துப்பறிவாளருக்குச் சட்டப்படி ஒரு அதிகாரமும் கிடையாது. அவர்களை முறைப்படுத்த 2007-ல் ஒரு மசோதா வந்தது, அதுவும் சட்டமாகவில்லை. துப்பாக்கியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்து கேள்வி கேட்டால் நம்மூரில் உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். அதனால்தான் சாம்புவுக்கு ஒரு கோபாலன் தேவைப்பட்டார். வக்கீல் என்றால் கைதியைப் பார்க்கலாம், உயிலைப் படிக்கலாம், கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்யலாம். முக்கியமாக, பணக்காரர்கள் தாங்களே கூப்பிட்டு வீட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். சொத்து இருக்கும் இடத்தில் வக்கீல் இருப்பார். 1981-ல் வந்த 'கொலையுதிர் காலம்' அப்படித்தான் ஆரம்பிக்கிறது. லீனா வியாஸ் என்ற பணக்காரப் பெண், அவளுக்கு வரவேண்டிய சொத்து, ஒரு பெரிய வீடு, அதில் ஒரு ஆவி. கணேஷ் விஞ்ஞானத்தை விடமாட்டார், வசந்த் ஆவியை விடமாட்டான். ஹோலோகிராம் என்ற சொல்லை நான் முதலில் படித்தது அந்தக் கதையில்தான், பாடப்புத்தகத்தில் இல்லை. எழுதியவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். பின்னாளில் நாம் ஓட்டுப்போடும் இயந்திரத்தை உருவாக்கியதில் அவர் பங்கு பெரியது.

மைனர் வேலை முழுவதும் வசந்துக்கு. எந்தப் பெண் வந்தாலும் அவன் கண் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் என்று ஒன்றை ஆரம்பிப்பான், கணேஷ் அடக்கிவிடுவார். கடைசிவரை அந்த ஜோக் என்னவென்று யாருக்கும் தெரியாது. 2008-ல் சுஜாதா அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். சொல்லியிருந்தால் சப்பென்று போயிருக்கும் என்பது என் கட்சி.

1980-களில் மாத நாவல்கள் ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் கயிறு கட்டித் தொங்கின. ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. நேரடி வாரிசு என்றால் பரத்தைத்தான் சொல்வேன். சொந்தமாக மூன்லைட் ஏஜென்சி, பெரிய இடத்து கேஸ்கள், வாய் நிறைய கிண்டல்.

அந்த நாட்களில் நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்கு வந்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் ஒருவன் புவியியல் புத்தகத்துக்குள் மாத நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கினேன், முட்டி போட வைத்தேன், கையிலும் இரண்டு போட்டேன். "இந்தக் குப்பையைப் படிச்சா உருப்படுவியா?" என்று கேட்டேன். அன்று ராத்திரி அதே குப்பையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். திருப்பித் தரவில்லை. அது வாடகை நூலகப் புத்தகம், அவன் வீட்டில் அபராதம் கட்டினார்கள் என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அவன் அப்பாவுக்குத் தினக்கூலி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்த நாவலால் நிற்கவில்லை, வறுமையால் நின்றது. ஆனால் வகுப்பில் தானாக ஒரு புத்தகத்தைத் தேடிப் படித்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் அடித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே வகுப்பில் ஒரு பெண், பிற்பாடு ஒருநாள் ரயிலில் பார்த்தபோது, "டீச்சர், வசந்த் மாதிரி ஒரு பொண்ணு இருந்தா அவளை என்னன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டாள். எனக்கு பதில் வரவில்லை. நாற்காலி போட்டுப் படித்த வயதில் வசந்தைப் பார்த்து நானும் சிரித்தவள்தான். இன்று திரும்பப் படித்தால் சில இடங்களில் சிரிப்பு வரவில்லை. ஜெயராஜ் படங்களைப் பற்றி அம்மா சொன்னது முழுக்கத் தப்பில்லை என்றும் படுகிறது. சுசீலா கொஞ்சம் ஆறுதல். வாசகம் போட்ட டி-சர்ட்டோடு வருவாள், பரத் ஒன்று சொன்னால் திருப்பி ஒன்று கொடுப்பாள், துப்பும் துலக்குவாள். அந்த டி-சர்ட் வாசகங்களை யார் படிப்பதற்காக எழுதினார்கள் என்பது வேறு விஷயம்!

மாத நாவலுக்குச் சொந்தக்காரனே, பெயர் போடமாட்டேன், உனக்கே தெரியும். அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, நூலக முத்திரை அப்படியே இருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தபோதும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் வீட்டில்தான் இருப்பேன். அபராதப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போ.