வெள்ளவத்தைக்கு வரும் மூட்டை

வெள்ளவத்தைச் சந்தையில் யாழ்ப்பாணத்து முருங்கைக்காயைப் பேரம் பேசி வாங்கும் நம்மில், அது வந்த வழியை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

1905-ல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்த பின், வெங்காயமும் மிளகாயும் தண்டவாளத்தின் வழியாகவும் தலைநகரை அடைந்தன. 1990-ல் போர் அப்பாதையைத் துண்டித்தது. 2014-ல் புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. பயணிகள் ஏறினர், மரக்கறியோ லொறியிலேயே தங்கிவிட்டது. ஒரே சுமைக்கு லொறி எரிக்கும் டீசல் மிகுதி. அது கக்கும் காபனீரொட்சைட்டும் மிகுதி.

ஆனால் தூரத்தை மட்டும் பழிப்பது பாதி உண்மையே. தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் லொறியைப் பாருங்கள். திணித்துக் கட்டிய மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற, அடியிலுள்ள தக்காளியும் கோவாவும் நசுங்குகின்றன. பழமும் மரக்கறியும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீணாவதாக ஆய்வாளர் கணிக்கின்றனர். இட்ட உரமும் எரித்த டீசலும் அவற்றோடு வீண். அழுகியது குப்பைமேட்டில் மெதேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் அவ்வாயு காபனீரொட்சைட்டினும் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டுவது. கொழும்பின் கழிவெல்லாம் குவிந்த மீதொட்டமுல்லைக் குப்பைமலை 2017 ஏப்ரல் 14-ல் சரிந்தபோது, புதையுண்டவை அதன் அடிவாரத்து எளியோரின் வீடுகளே.

2011 டிசம்பரில் அரசு பிளாஸ்டிக் பெட்டியைக் கட்டாயமாக்கிற்று. நோக்கம் நன்று. பெட்டிக்குப் பணம் தருவது யார்? வெற்றுப் பெட்டியைத் திருப்பியனுப்பும் கூலி யார் தலையில்? விடை கூறாமற் சட்டம் வந்தது. தம்புள்ளையில் விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கினர். அரசு பிடியைத் தளர்த்திற்று.

கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் விடியலில் மூட்டையை அவிழ்த்ததும் முதலில் அழுகலைப் பொறுக்கி எறிகிறார். பிறகு அந்த நட்டத்தையும் சேர்த்தே விலை சொல்கிறார்.