காற்றழுத்த நோயும் தொழிலாளர் காப்பும்

ஆற்றின் குறுக்கே பெரும் பாலம் அமைப்போர் முதலில் செய்யவேண்டிய வேலை நீருக்கு மேலே அன்று; நீருக்கு அடியிலே உள்ளது. பாலத்தின் தூண் சேற்றையும் சகதியையும் கடந்து உறுதியான நிலத்தில் ஊன்ற வேண்டும். நீர் நிறைந்த இடத்தில் மனிதன் நின்று மண் தோண்டுவது எங்ஙனம்? இவ்வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கண்ட விடை, அழுத்தப்பட்ட காற்று. அவ்விடை பல பாலங்களைத் தந்தது. பல உயிர்களையும் கொண்டது. அவ்வுயிர்களைக் காக்கும் விதி எவ்வாறு பிறந்தது, பிறந்த பின்னும் அது தொழிலாளியை வந்தடைய ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

வெறுங் குவளையைக் கவிழ்த்து நீருள் அமுக்கினால், உள்ளிருக்கும் காற்று நீரை முழுதும் ஏறவிடாது தடுக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் திரிஜே இவ்வுண்மையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். லுவார் ஆற்றுப் படுகையின் கீழிருந்த நிலக்கரியை எடுக்க, இரும்புக் குழாய் ஒன்றை இறக்கி, அதனுள் காற்றை விசையுடன் செலுத்தி நீரை வெளியேற்றினார். ஆட்கள் உள்ளே செல்லவும் வெளியே வரவும் இரு கதவுகள் கொண்ட சிறு காற்றறை ஒன்று இருந்தது. ஒரு கதவை மூடிய பின்னரே மறு கதவைத் திறக்க இயலும்.

1841-ஆம் ஆண்டில் திரிஜே ஒரு புதுமையைக் குறித்தார். உள்ளே நலமாக உழைத்த ஆட்கள் இருவருக்கு, வெளியே வந்த பின்னர் மூட்டுகளில் கடும் வலி உண்டாயிற்று. 1854-இல் போல், வாத்தெல் என்னும் மருத்துவர் இருவர் இன்னும் தெளிவாகக் கண்டனர். ஆபத்து உள்ளே செல்வதில் இல்லை. வெளியே வருவதிலேயே உள்ளது. வலியுற்றவனை மீண்டும் அழுத்தக் காற்றுக்குள் கொண்டு சென்றால் வலி தணிகிறது. காக்கும் விதியின் வித்து இவ்விரு செய்திகளிலேயே அடங்கியிருந்தது. எனினும் அது முளைத்துப் பயன்தர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின்மேல் செயின்ட் லூயி நகரில் ஈட்ஸ் என்பார் பாலம் கட்டினார். அடியில்லாப் பெரும் பெட்டியைக் கவிழ்த்து ஆற்றில் இறக்கி, அழுத்தக் காற்று நிரம்பிய அதனுள் ஆட்கள் தோண்டினர். 1870-இல் ஆழம் 90 அடியைத் தாண்டியபோது ஆட்கள் சுருண்டு விழலாயினர். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். துத்தநாகமும் வெள்ளியும் கோத்த பட்டைகளைத் தாயத்துப் போல் கையிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, அவை காக்கும் என்று நம்பினர். அங்கு மருத்துவராயிருந்த ஜாமினே தாமும் உள்ளே சென்று, சில நிமிடங்களிலேயே காற்றறையைக் கடந்து வெளிவந்தார். வாத நோயாளி போல் வீழ்ந்து, அரிதிற் பிழைத்தார்.

அடுத்தது நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலம். 1872-இல் அதன் நியூயார்க் கரைத் தூணுக்காக 78 அடி ஆழம்வரை தோண்டினர். மருத்துவர் ஆண்ட்ரு ஸ்மித் 110 பேருக்குச் சிகிச்சை செய்தார், மூவர் இறந்தனர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் இந்நோயால் படுக்கையில் வீழ்ந்தார். அவர் மனைவி எமிலி கணவரின் கட்டளைகளை வேலைத்தளத்துக்குக் கொண்டு சென்று பணியை நடத்தினார். ரோப்ளிங் செய்த ஒரு முடிவு போற்றத்தக்கது. பாறை வரை தோண்டினால் இன்னும் பலர் மாள்வர் என்று கணித்த அவர், கெட்டியான மணலிலேயே தூணை நிறுத்தினார். 1883-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் திறக்கப்பட்ட அப்பாலத்தின் அத்தூண், மணலின்மேலேயே இன்றும் நிற்கிறது.

நோயின் காரணத்தை 1878-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் நிறுவினார். கோலி சோடாப் புட்டியை அறியாதார் நம்முள் இலர். மூடியிருக்கும்போது நீரில் கரைந்து கண்ணுக்குப் புலனாகாத வாயு, கோலி உள்ளே இறங்கி அழுத்தம் நீங்கியதும் குமிழ்களாய்ப் பொங்குகிறது. அழுத்தக் காற்றில் உழைப்பவன் உடலிலும் நைட்ரஜன் வாயு அவ்வாறே கரைகிறது. மெல்ல வெளிவந்தால் அது நுரையீரல் வழியே நீங்கிவிடும். விரைந்து வந்தால் இரத்தத்திலும் தசையிலும் குமிழாகும். மூட்டில் தங்கினால் வலி. முதுகுத் தண்டில் தங்கினால் வாதம்.

காரணம் தெரிந்த பின்னும் சாவு நின்றுவிடவில்லை. ஏன்? காற்றறையில் அழுத்தம் குறையும்போது காற்று விரிந்து குளிர்கிறது. வியர்த்துக் களைத்த ஆள், பசியோடும் நடுக்கத்தோடும் அந்த இருட்டறையில் காத்திருக்க விரும்பான். வெளியே வந்த கணத்தில் அவனுக்கு ஒரு நோவும் இல்லை. வலி அரை மணியோ சில மணியோ கழித்தே வருகிறது. ஆகவே அவன் நம்பவில்லை. வேலை வாங்குவோருக்கோ, காற்றறையில் கழியும் நேரம் மண் அள்ளாத நேரம். 'மெல்ல வா' என்ற அறிவுரை இவ்விரண்டுக்கும் இடையே நசுங்கிப்போயிற்று.

நிலைமையை மாற்றியவை மூன்று. முதலாவது மருத்துவக் காற்றறை. ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு மாதம் ஒருவர் இறந்துகொண்டிருந்தனர். 1890-ஐ ஒட்டி அங்கு வந்த எர்னஸ்ட் மொயர், நோயுற்றவரை மீண்டும் அழுத்தத்துள் வைத்து மெல்ல வெளிக்கொணரும் இரும்பறையை அமைத்தார். பின்னர்ப் பதினைந்து மாதங்களில், 120 பேருள் இறந்தவர் இருவரே. 1854-இல் அறியப்பட்ட உண்மை, செயலாக வர முப்பத்தாறு ஆண்டுகள்!

இரண்டாவது கணக்கு. 1908-இல் ஹால்டேன், பாய்காட், டமன்ட் ஆகிய பிரிட்டிஷ் அறிஞர்கள் ஆடுகளை வைத்து ஆராய்ந்து, மொத்த அழுத்தத்தைப் பாதியாக்கும் வரை ஓரளவு விரைந்து குறைக்கலாம், அதன்பின் படிப்படியாகவே குறைக்கவேண்டும் என்று கண்டனர். புரூக்ளின் ஆழத்தில் சதுர அங்குலத்துக்கு இயல்பான 15 இராத்தலும், அதன்மேல் 35 இராத்தலும், ஆக 50 இராத்தல் அழுத்தம் எனக் கொள்வோம். 25 வரை விரைவு. பின்னர்த் தங்கித் தங்கி. 'மெல்ல' என்ற சொல் இவ்வாறு நிமிடக் கணக்காயிற்று.

மூன்றாவது சட்டம். நியூயார்க் மாநிலம் 1909-இல் அழுத்தக் காற்றில் வேலை நேரத்தை வரையறுத்தது. பிரிட்டனில் இவ்வேலைக்கெனத் தனி விதிகள் 1958-இல் வந்தன. ஹால்டேனின் கணக்குக்கும் அவ்விதிகளுக்கும் இடையே அரை நூற்றாண்டு! அதன் பின்னும், பல்லாண்டு கழித்து மூட்டெலும்பு செத்துப்போகும் கேடு தொழிலாளரிடையே காணப்பட்டதால், வெளிவரும் நேரம் மேலும் நீட்டப்பட்டது.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. 1987-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் முதற்பகுதி திறக்கப்பட்ட சிங்கப்பூர் விரைவு ரயிலின் சுரங்கங்களைத் தோண்டுகையிலும் ஆட்கள் அழுத்தக் காற்றில் உழைத்தனர். அங்கும் சிலருக்கு இந்நோய் கண்டது. ஆயின் வெளிவருவதற்குக் கால அட்டவணை இருந்தது.

தீயையும் கத்தியையும் கண்டு எவரும் அஞ்சுவர். காற்று கண்ணுக்குத் தெரியாதது. தெரியாத ஆபத்தைத் தொழிலாளியின் எச்சரிக்கை ஒன்றையே நம்பி விட்டுவிடலாகாது என்பதே இவ்வரலாறு கூறும் பாடம். காற்றறையில் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே. அதற்கும் கூலி உண்டு என்று ஆனாலன்றி, களைத்த மனிதன் வீட்டை நோக்கி விரையவே செய்வான். வகுப்பில் பெரும் பாலங்களைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கட்டியவர் பெயரோடு அடியில் நின்று தோண்டியவர்களையும், அவர்கள் வெளிவர எத்தனை நிமிடம் தரப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வார்களாக.