உள்ளடக்கிய கல்வி

‘உள்’ என்னும் பெயரும் ‘அடக்கு’ என்னும் வினையும் சேர்ந்து அமைந்தது ‘உள்ளடக்கு’ ஆகும். தானே உள்ளிருப்பதைக் குறிக்கும் ‘அடங்கு’ தன்வினை. பிறிதொன்றைத் தன்னுள் கொள்வதைக் குறிக்கும் ‘அடக்கு’, மெல்லினம் வல்லினமாகத் திரிந்து பிறந்த பிறவினை. எனவே, சிலர் எழுதும் ‘உள்ளடங்கிய கல்வி’ என்பது ஏதோ ஒன்றினுள் அடங்கிக் கிடக்கும் கல்வி என்று பொருள்பட்டுக் கருத்தையே தலைகீழாக்கிவிடும். மாணவர் அனைவரையும் தன்னுள் கொள்ளும் பொறுப்பைக் கல்விமுறையின்மீது வைக்கும் ‘உள்ளடக்கிய’ என்ற பெயரெச்சமே இங்குப் பொருந்தும்.

இச்சொல்லுக்கு முன் வழங்கியது ‘ஒருங்கிணைந்த கல்வி’. மாற்றுத்திறனுடைய குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்க 1974-இல் இந்திய அரசு தொடங்கிய திட்டம் அப்பெயரையே தாங்கியது. அங்கே குழந்தை பள்ளிக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்பெயினின் சலமன்கா நகரில் 1994-இல் வெளியான அறிக்கை இம்முறையை மாற்றி, பள்ளியே எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்பத் திருந்த வேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) தரும் வரையறையும், மாற்றுத்திறன் உடையோரும் இல்லாதோரும் சேர்ந்து கற்பதோடு நில்லாமல், கற்பித்தல் முறை அவர்தம் தேவைக்கேற்பத் தகவமைக்கப்படுவதையும் வலியுறுத்துகிறது.

இலங்கைத் தமிழ் வழக்கில் இதே கருத்துக்கு ‘உட்படுத்தல் கல்வி’ என்பது உண்டு. ‘அடக்கு’ என்பதில் ஒடுக்குதல் என்ற நிழலும், ‘உட்படுத்து’ என்பதில் சோதனைக்கு ஆளாக்குதல் என்ற நிழலும் படிந்திருப்பது வருந்தத்தக்கதே; ‘அரவணைக்கும் கல்வி’ என்பதில் அந்நிழல் இல்லையெனினும், அது உரிமையைக் கருணையாகக் குறுக்கிவிடுவதால் சட்டச்சொல்லாகத் தகாது.