எழுத்து மாறினும் குடி மாறாது

திருவிடைமருதூர்ப் பக்கத்தில் ஒருவர் தம் பெயரை எழுதும்போது அதன் முன்னே ஒன்றிரண்டு எழுத்துகளை இடுகிறார். ஒன்று ஊரைக் குறிக்கும். மற்றொன்று தந்தையைக் குறிக்கும். அவர் மகன் எழுதும்போது தாத்தாவின் எழுத்து நீங்கி, தந்தையின் எழுத்து அவ்விடத்தில் வந்து அமர்கிறது. தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடும்பப்பெயர் காவிரிக்கரையில் நம்முள் பெரும்பாலோர்க்கு இல்லை. இது குறையா, நிறைவா என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

குடும்பப்பெயர் உள்ள நாடுகளிலும் அது என்றும் நிலைப்பதில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற குடும்பங்களுடைய பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன என்ற வினாவை 1873இல் பிரான்சிஸ் கால்டன் எழுப்பினார். கணிதம் வல்ல ஆங்கிலிக்கன் குருவான வாட்சன் அதற்குக் கணக்கிட்டு விடை தேடினார். இருவரும் 1874இல் அதனை வெளியிட்டனர். தந்தைவழியே மட்டும் செல்லும் பெயர், ஆண்மக்கள் இல்லாத ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது. இவ்வாறு சில பெயர்கள் மறைய, எஞ்சிய பெயர்கள் பெருகுகின்றன. கொரியாவில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 'கிம்' என்னும் பெயரினர். ஆயினும் அவர்கள் அனைவரும் ஒரே குடியினர் அல்லர். முன்பு குடும்பப்பெயரே இல்லாதிருந்த எளியோர் பலரும் பிற்காலத்தில் பெருங்குடிகளின் பெயர்களை ஏற்றனர்.

நம் வழக்கமோ மிகப் பழையது. திருவிடைமருதூர்க் கோயிலின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, ஆரியக்கூத்து ஆடிய கித்தி மறைக்காடன் ஆன திருவெள்ளறைச் சாக்கை என்பவருக்கு நிலம் அளித்ததைக் கூறுகிறது. இரு பெயர்கள் இணைந்து வருமிடத்து முன்னது தந்தையின் பெயராவது சோழர் கல்வெட்டுகளின் பெருவழக்கு. பட்டப்பெயரில் ஊரும் தொழிலும் விளங்குகின்றன. ஒருவரை அடையாளம் காட்ட ஊரும் தந்தையும் தொழிலும் அன்றே போதுமானவையாக இருந்தன.

கிறித்தவம் இந்நாட்டில் வேரூன்றியபோது பெயர்கள் இரு வழிகளில் அமைந்தன. முத்துக்குளித்துறையில் 1535ஆம் ஆண்டிற்குப் பின் திரளாகத் திருமுழுக்குப் பெற்ற பரதவர், பெர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, மோத்தா முதலிய போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றனர். அவை குடும்பப்பெயர்களாகவே நிலைத்து இன்றும் வழங்குகின்றன. உள்நாட்டிலோ புனிதர்களின் பெயர்களே தமிழுருப் பெற்றன. சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். கடவுளின் அருளைப் பெயரிலேயே கொண்ட யோவான் அருளப்பர் ஆனார். சவரிமுத்து, ஆரோக்கியசாமி, அந்தோணிசாமி, இராயப்பன் என்னும் பெயர்கள் ஊர்தோறும் பெருகின. அவையும் மக்கட்பெயர்களாக இருந்தனவேயன்றிக் குடும்பப்பெயர்கள் ஆகவில்லை. எனவே சவரிமுத்துவின் மகன் 'ச.' என்று எழுதினார். பேரனின் பெயரில் அவ்வெழுத்தும் இல்லை.

இவ்வழக்கத்தில் ஒரு நன்மையும் விளைந்தது. பெயரின் பின்னே குடும்பப்பெயர்போல் நின்றது பெரும்பாலும் சாதிப்பட்டமே. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதனை விட்டொழிக்கத் தீர்மானித்தது. நாளடைவில் தமிழர் பலர் அதனைக் களைந்தனர். தந்தையின் முதலெழுத்து மட்டும் எஞ்சியது. ஓரெழுத்தைக் கொண்டு எவரும் எவரையும் உயர்ந்தோர் என்றோ தாழ்ந்தோர் என்றோ கணிக்க இயலாது.

ஆனால் அயல்நாடுகளில் குடியேறுவோர்க்கு இப்போது புதிய நிலை வாய்த்துள்ளது. அங்குள்ள பதிவுகளில் குடும்பப்பெயருக்கென ஓரிடம் உண்டு. அதில் தந்தையின் பெயரையே பலர் நிரப்புகின்றனர். நஞ்சைக்காட்டில் உழைத்த ஓர் ஆரோக்கியசாமியின் பெயர், அவரைக் கண்டிராத கொள்ளுப்பேரர்களுக்கும் குடும்பப்பெயராகிறது. அவருடைய தந்தையின் பெயரோ எங்கும் இடம்பெறுவதில்லை. ஒருவர் நிலைபெற, அவருக்கு முன்னோர் அனைவரும் மறைகின்றனர்.

அவர்களைத் தேட நமக்கு ஓரிடம் உண்டு. அது பங்கின் திருமுழுக்குப் பதிவேடு. திரிதெந்து சங்கம் 1563இல் திருமணத்தையும் ஞானப்பெற்றோரையும் ஏட்டில் பதியுமாறு பணித்தது. இன்றைய திருச்சபைச் சட்டமும் குழந்தையின் பெயரோடு தாய் தந்தையர், ஞானப்பெற்றோர் பெயர்களையும் இடத்தையும் நாளையும் குறிக்கச் சொல்கிறது. குடும்பப்பெயர் தந்தைவழியை மட்டுமே காக்கும். பதிவேடு தாயையும் மறப்பதில்லை. ஆண்மகவு இல்லாத வீட்டைக் கால்டனின் கணக்கு அற்றுப்போனதாகக் கொள்ளும். பதிவேட்டில் அவ்வீடு மகள்வழியே தொடர்கிறது.

நம் ஆண்டவருக்கும் குடும்பப்பெயர் இல்லை. நாசரேத்தூரார் என்றும் யோசேப்பின் மகன் என்றும் மக்கள் அவரை அறிந்தனர். ஊரும் தந்தையும் என்னும் நம்மூர் வழக்கம் அவருக்கும் பொருந்தியது. ஆயினும் மத்தேயு அவருடைய முன்னோரைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்தார். தாமார், இராகாபு, ரூத்து ஆகியோரையும் அவர் விட்டுவிடவில்லை.

இறந்தோர் நினைவு நாளில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அவர்களுக்கும் முந்திய தலைமுறையினரின் பெயர்களை நம்முள் எத்துணைப் பேர் சொல்ல வல்லோம்? முதியோர் இருக்கும்போதே கேட்டு, தாய்வழியும் தந்தைவழியும் அறிந்தவரை குடும்பத் திருவிவிலியத்தின் முதல் ஏட்டில் எழுதி வைப்போம். நம் பெயர்கள் நம்மோடு நின்றுவிடலாம். நமக்காக மன்றாடியவர்களின் பெயர்கள் நம்மால் மறைய வேண்டா.