பறிக்கப்பட்ட பண்பாடும் இளையோர் மனநலமும்: வட அமெரிக்க ‘டூ-ஸ்பிரிட்’ மக்கள்

வட அமெரிக்கப் பூர்வகுடிகளுள், பாலினத்திலோ பாலீர்ப்பிலோ ஆண், பெண் என்னும் வழக்கமான வரையறைக்குள் அடங்காதோரைக் குறிக்கும் பொதுச்சொல் ‘டூ-ஸ்பிரிட்’. இரண்டு ஆன்மாக்களைக் கொண்டவர் என்பது இதன் பொருள். 1990இல் கனடாவின் வின்னிபெக்கில் நடைபெற்ற பூர்வகுடிப் பால்புதுமையினர் மாநாட்டில் இச்சொல் ஏற்கப்பட்டது. சொல் புதிது, அது சுட்டும் வாழ்வு பழையது. சூனி இனத்தைச் சேர்ந்த வீவா, நெசவிலும் மட்பாண்டக் கலையிலும் தேர்ந்தவராகத் தம் மக்களால் மதிக்கப்பட்டவர். 1886இல் வாஷிங்டன் சென்று அதிபர் கிளீவ்லேண்டைச் சந்தித்தவர்.

இந்த மதிப்பைக் குலைத்தது குடியேற்ற ஆட்சி. கனடாவில் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். அங்கே தாய்மொழி பேசியதற்குத் தண்டனை கிடைத்தது. ஆண், பெண் என்ற பிரிவினை கண்டிப்புடன் திணிக்கப்பட்டது. கடைசிப் பள்ளிகள் 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன. இதன் விளைவாக, டூ-ஸ்பிரிட் இளையோர் வெளியே இனவெறியையும், சில வேளைகளில் தம் சமூகத்துக்குள்ளேயே, மதப் பள்ளிகள் விதைத்துச் சென்ற வெறுப்பையும் ஒருசேர எதிர்கொள்கின்றனர். அவர்களது மனத்துயரைத் தனிமனிதக் குறைபாடாகக் காண்பது வரலாற்றை மறைப்பதாகும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறத்தாழ 200 பூர்வகுடிச் சமூகங்களை ஆராய்ந்த சாண்ட்லர், லாலோண்ட் ஆகியோரின் 1998ஆம் ஆண்டு ஆய்வு இங்கு முக்கியமானது. தன்னாட்சி, நில உரிமைக் கோரிக்கை, கல்வி, மருத்துவம், காவல் மற்றும் தீயணைப்புப் பணி, பண்பாட்டு மையம் ஆகிய ஆறையும் தம் கையில் கொண்டிருந்த சமூகங்களில், ஆய்வுக்குட்பட்ட காலத்தில் இளையோர் தற்கொலை ஒன்றுகூட நிகழவில்லை. இவற்றில் எதுவும் இல்லாத சமூகங்களில் அவ்விகிதம் மிக அதிகமாக இருந்தது. இவ்வாய்வு டூ-ஸ்பிரிட் இளையோரைத் தனியே ஆராயவில்லை. எனினும் பண்பாடு என்பது சடங்கு மட்டுமன்று, தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் அதிகாரமும் ஆகும் என்பதை அது உணர்த்துகிறது.

அந்த மீட்பில் டூ-ஸ்பிரிட் இளையோருக்கும் இடம் வேண்டும். ஆண் நடனம், பெண் நடனம் எனப் பிரிந்த விழாக்களில் அவர்கள் மீண்டும் வெளியே நிற்க நேர்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2012 முதல் டூ-ஸ்பிரிட் அமைப்பினர் நடத்திவரும் ‘பவ்வாவ்’ நடன விழா, விரும்பிய நடனத்தை விரும்பியவர் ஆடும் வெளியாக அமைந்துள்ளது.

‘மரபுக்குத் திரும்புதல்’ என்ற முழக்கத்தைச் சாதி ஒழிப்பு நோக்கில் நாம் ஐயத்துடனேயே அணுகுகிறோம், அது சரியானதே. ஆனால் ஒடுக்குவோர் திணிக்கும் மரபு வேறு, ஒடுக்கப்பட்டோர் மீட்டெடுக்கும் மரபு வேறு. எந்த மரபாயினும் அதனை நாம் அளக்க வேண்டிய அளவுகோல் ஒன்றே: அது தன் விளிம்பில் நிற்கும் பிள்ளையை உள்ளே அழைக்கிறதா?