கார்த் தொழில், சென்னைத் தென்மேற்குப் புறநகர்

சென்னைக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் வண்டலூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றி வளர்ந்த கார் உற்பத்தித் தொழில். 1990களின் பிற்பகுதியில் வேரூன்றிப் பத்தாண்டுகளில் இந்தியாவின் முதன்மையான கார் ஏற்றுமதி மையமாயிற்று. இவ்வட்டாரம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019இல் அதிலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக அமைந்துள்ளது.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன் இது ஏரிப் பாசன நாடு. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த தலமாகவும், 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடமாகவும் அறியப்பட்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டைக்குக் கார்த் தொழிற்சாலைக்கு முன்பே கார்ப் பந்தயம் வந்துவிட்டது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் போட்டி நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தன் புதிய பந்தயத் தடத்தை 1990இல் இங்கே திறந்தது.

முன்னோடிகள்: சிம்ப்சன் நிறுவனத்தில் 1903இல் ஒரு நீராவிக் கார் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கார் அதுவே என்பர் சென்னை வரலாற்றாளர்கள். புறநகரில் கார் செய்த முதல் பெரிய ஆலை வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். 1948இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1961 முதல் பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்ற பெயரில் செய்து விற்றது. அம்பாசிடரும் பியட்டுமே கண்ணில் பட்ட சாலைகளில் ஹெரால்ட் தனித்துத் தெரிந்தது. அதன் பானெட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். மூல நாட்டில் இரண்டு கதவோடு நின்றுவிட்ட இக்காருக்கு வண்டலூரில் நான்கு கதவு வைத்தார்கள். 1972இல் வந்த ‘கெசல்’ இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் கார் எனச் சிலரால் கொண்டாடப்படுகிறது. அது ஹெரால்டின் மறு உருவம்தான் என்று மறுப்போரும் உண்டு. 1985இல் ரோவர் உடலுக்குள் பழைய வேன்கார்டு எஞ்சினைப் பொருத்தி வெளியிட்ட ‘ஸ்டாண்டர்ட் 2000’ விலைபோகவில்லை. 1988இல் ஆலை மூடப்பட்டது. சென்னையின் கார் வரலாற்றை 1995இலிருந்து தொடங்குவோர் இந்த ஆலையைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ஆனால் எண்ணூரில் அசோக் லேலண்ட், அம்பத்தூரிலும் பாடியிலும் டி.ஐ., டி.வி.எஸ். குழும ஆலைகள் ஆகியவற்றோடு சேர்ந்து, உதிரிபாகம் செய்யத் தெரிந்த ஒரு தலைமுறையை இந்நகரில் உருவாக்கியதில் வண்டலூருக்கும் பங்குண்டு. பின்னாளில் வந்த அயல்நாட்டு நிறுவனங்கள் சென்னையைத் தேர்ந்ததற்குத் துறைமுகத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் காரணம் அந்தக் கைத்திறனே.

மறைமலை நகர்: 1976இல் ஒப்புதல் பெற்ற சென்னைப் பெருநகர் முதல் பெருந்திட்டம், நகரின் நெரிசலைக் குறைக்கத் துணை நகரங்களை முன்மொழிந்தது. அவற்றில் ஒன்று ஜி.எஸ்.டி. சாலையில், செங்கல்பட்டு மின்ரயில் தடத்தை ஒட்டி உருவாயிற்று. பல்லாவரத்தில் வாழ்ந்து மறைந்த தனித்தமிழ் இயக்க முன்னோடி மறைமலை அடிகளின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மனைகள் நெடுங்காலம் மெதுவாகவே நிரம்பின. அடிகளின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து பிறகு ஃபோர்டின் ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, எக்கோஸ்போர்ட் கார்கள் உலகுக்குப் போயின.

ஃபோர்டும் ஹூண்டாயும் (1995–2010): மகிந்திராவும் ஃபோர்டும் 1995இல் சரிபாதிப் பங்கில் கூட்டு நிறுவனம் தொடங்கின. நாசிக்கில் எஸ்கார்ட் காரைப் பூட்டி விற்றுக்கொண்டே, நிரந்தர ஆலைக்கு இடம் தேடினர். மகாராட்டிரத்தோடு நடந்த போட்டியில் தமிழ்நாடு வரிச் சலுகைகளையும் நிலத்தையும் முன்வைத்து மறைமலை நகருக்கு ஆலையைக் கொண்டுவந்தது. 1998இல் ஃபோர்டின் பங்கு உயர்ந்து, பெயர் ஃபோர்டு இந்தியா ஆயிற்று. 1999இல் ஆலை திறக்கப்பட்டு, ஆண்டிறுதியில் ஐகான் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அது தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் அனுப்பப்பட்டது.

ஹூண்டாய் மோட்டார் இந்தியா பதிவானது 1996 மே 6இல், மு. கருணாநிதி மீண்டும் முதலமைச்சரானது மே 13இல். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட ஒரு வாரமே, ஹூண்டாயைக் கொண்டுவந்த பெருமை யாருக்கு என்ற ஓயாத வாதத்தின் மூலம். பேச்சைத் தொடங்கியது ஜெ. ஜெயலலிதாவின் ஆட்சி என்று ஒரு தரப்பும், நிலம் கொடுத்து அடிக்கல் நாட்டி ஆலையை நிற்கவைத்தது அடுத்த ஆட்சி என்று மறுதரப்பும் கூறுகின்றன. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆட்சி மாறியும் தொழிற்கொள்கை மாறவில்லை என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 535 ஏக்கரில் எழுந்த ஹூண்டாய் ஆலை, இரண்டாண்டுக்குள் உற்பத்தியைத் தொடங்கியது. 1998 செப்டம்பர் 23இல் சான்ட்ரோ வெளியானது. கூரை உயர்ந்த அக்காரின் தோற்றத்தை முதலில் கேலி செய்தவர்கள் இருந்தனர். வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல் ஏறி இறங்கக்கூடிய சின்னக் கார் என்ற நல்ல பெயர் விரைவில் கேலியை வென்றது. 1999இல் ஏற்றுமதி தொடங்கியது. 2007இல் ஐ10 காரை உலகச் சந்தைக்கே இங்கு செய்யத் தொடங்கினர். 2008இல் இரண்டாவது ஆலை சேர்ந்து, ஆண்டுத் திறன் 6 லட்சம் கார்களாயிற்று. மொத்த ஏற்றுமதி 2010 பிப்ரவரியில் 10 லட்சத்தையும், 2020 ஜனவரியில் 30 லட்சத்தையும் தாண்டியது.

2007இல் சிங்கப்பெருமாள் கோயில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. பூட்டும் பணியைத் தொடங்கியது. ரெனோ-நிசான் கூட்டு ஆலை 2010 மார்ச் 17இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் 2012இல் வந்தன.

ஏற்றுமதிப் பாதை: ஆலைகள் தென்மேற்கில், கப்பல்கள் வடகிழக்கில். ஆகவே ஒவ்வொரு காரும் டிரெய்லரில் ஏறி நகரைச் சுற்றியோ கடந்தோ துறைமுகம் சேர வேண்டியிருந்தது. சென்னைத் துறைமுகச் சாலைகளின் நெரிசல் நீண்டநாள் குறையாகவே இருந்தது. 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (2014 முதல் காமராசர் துறைமுகம்) இப்பாரத்தில் ஒரு பகுதியை ஏற்றது. நிசான் மைக்ரா 2010இல் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. கப்பலின் பின்வாயிலில் சாய்தளம் இறங்க, ஓட்டுநர்கள் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி உள்ளே நிறுத்திவிட்டு, வேனில் கூட்டமாகத் திரும்பி அடுத்த வரிசைக்கு வருவர். வலப்பக்க ஸ்டியரிங் நாட்டில் இடப்பக்க ஸ்டியரிங் கார்கள் இப்படி வரிசைகட்டுவதைக் காணத் துறைமுகம் நல்ல இடம். 2017இன் இறுதியில் மறைமலை நகர் எக்கோஸ்போர்ட் ஃபோர்டின் தாய்நாடான அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது.

புறநகரும் பெருமிதமும்: ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்ற பட்டம் அமைச்சர்களின் உரை முதல் மனை விற்பனைத் துண்டறிக்கை வரை பரவியது. முதலில் சூட்டியவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தாய்லாந்தும் அதே பட்டத்தை உரிமை கொண்டாடுகிறது. 2013இல் மூல டெட்ராய்ட் மாநகராட்சி திவாலான பின்னும் இங்கே பட்டம் கைவிடப்படவில்லை. நாட்டின் வாகன உற்பத்தியில் சென்னையின் பங்காகச் சொல்லப்படும் விழுக்காடு, உதிரிபாகங்களைச் சேர்த்தால் ஒன்றாகவும் சேர்க்காவிட்டால் வேறாகவும் அமைகிறது.

உள்ளூர்க்காரருக்குப் பெருமிதம் வேறு வகையில் வந்தது. ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் படித்த பிள்ளைகள் சீருடையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பது முதல் ஷிஃப்டின் விடியற்காலைக் காட்சியாயிற்று. நிலம் வைத்திருந்தோர் வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டனர். தென்மாவட்ட இளைஞர்களும், பின்னர் ஒடிசா, பீகார் தொழிலாளரும் குடியேறினர். கொரிய உணவகங்களும் கொரிய எழுத்துப் பலகைகளும் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இயல்பாயின. ஏரி வயல்கள் மனைகளானது வளமா இழப்பா என்பதில் நிலம் விற்றவருக்கும் அதில் கூலி வேலை பார்த்தவருக்கும் ஒரே விடை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஃபோர்டு, ஹூண்டாய், ரெனோ-நிசான் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. முடிச்சூர்ப் பகுதி நீரில் மூழ்கியது.

தொழிற்சங்க அங்கீகாரமும் பணிநீக்கமும் தொடர்பாக ஹூண்டாய் ஆலையில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன.

அண்மைக்காலம்: 2021 செப்டம்பர் 9இல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இழப்பீடு கோரித் தொழிலாளர் போராடியதை அடுத்துப் பேச்சுகள் நடந்தன. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியேறியது. 2021–22 நிதியாண்டில் கார் ஏற்றுமதியில் ஹூண்டாயின் முதலிடம் மாருதிக்குப் போயிற்று. 2025இல் ஒரகடம் ஆலையில் நிசானின் பங்கை ரெனோ வாங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 31இல் ஃபோர்டு தமிழ்நாடு அரசுடன் ரூ. 3,250 கோடிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இதன்படி மறைமலை நகரில் ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள் 2029 முதல் தயாராகும். கார் உற்பத்தி இந்த அறிவிப்பில் இடம்பெறவில்லை.